ஒட்டுப்புல்லின் நாக்கு

“நேத்து அந்த வாஷிங் மெஷின் ஆளை எதுக்குய்யா நக்கல் பண்ணின?” என்று மேனேஜர் கேட்டபோது, அவர் கையில் ஒட்டுப்புல்லின் வேலை நிரந்தர உத்தரவு இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஒட்டுப்புல் என்பது, நடக்கிறவர் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் புல்லை வைத்து ஆபீஸ் வைத்த பெயர். வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கம்பெனியில், போனில் வரும் புகார்களைக் கேட்டு எழுதிக்கொள்வது அவன் வேலை. எந்த வம்புதும்புக்கும் போகாத பிள்ளை. ஆனால் பாழாய்ப்போன நாக்கு ஒன்று வாய்த்திருந்ததே! எதிரே இருப்பவர் எப்படிப் பேசுகிறாரோ, அந்த ராகம் இவனுக்கும் ஒட்டிக்கொள்ளும். அவர் இழுத்தால் இவனும் இழுப்பான், அவர் விழுங்கினால் இவனும் விழுங்குவான். வேண்டுமென்று செய்வதில்லை, பாவம், அவனால் அடக்க முடியாது.

மாமியாருக்கு முன்பல் போனதிலிருந்து பேச்சோடு சின்னதாக ஒரு விசில் வரும். மருமகனுக்கும் வந்தது. அன்றிலிருந்து அந்த அம்மாள் இவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவன் குடியிருப்பதோ அதே மாமியார் வீட்டில்! வேலை நிரந்தரமான அன்றைக்கே தனிக்குடித்தனம் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அவள் இன்று காலையிலேயே பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

“வாயத் திறந்து சொல்லுய்யா!” மேனேஜருக்கு எப்போதும் மூச்சு விடாமல் பேசித்தான் பழக்கம்.

“இல்லசார்நக்கலெல்லாம்இல்லசார்அவருஇழுத்தாருசார்எனக்கும்வந்துடுச்சுசார்!”

மேனேஜரின் மூக்கு சிவந்தது. “என்னையும் நக்கல் பண்றியா? அந்த ஆளு பதினோரு மணிக்கு நேர்ல வர்றாரு. அவரைச் சமாதானம் பண்ணினா கையெழுத்து. இல்லைன்னா இதைக் கிழிச்சுக் குப்பையில போடுவேன்!”

ஒட்டுப்புல் தன் நாற்காலியில் போய்ப் பொத்தென்று விழுந்தான். நேற்று மதியம், சாப்பிட்ட மயக்கத்தில் கொட்டாவியோடு போனை எடுத்து “ஹலோஓஓ” என்றதுதான் அவனுக்கு நினைவிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து “மெஷின் சுத்தலைஐஐ” என்று ஒரே இழுவை. அப்புறம் இவன் நாக்கு இவன் பேச்சைக் கேட்கவில்லை.

ஆள் வருவதற்கு முன்பே போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டால் என்ன? நல்ல யோசனை என்றுதான் நினைத்தான்.

“சார், நேத்து நடந்ததுக்கு மன்னிப்புக் கேக்கறேன் சார்.”

“நீதானாஆஆ அது?” என்றார் அவர். நேற்றைய கோபம் அப்படியே இருந்தது. இழுவையும்தான்.

“நான்தான் சாஆஆர்... மன்னிச்சுடுங்ங்க சாஆஆர்!”

“மன்னிப்புலயும் இழுக்கறியாஆஆ? வர்றேன், இருஉஉ!”

ஒட்டுப்புல் போனை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அக்கா நாற்காலியைத் திருப்பினாள். நல்ல மனசு, என்ன, எல்லாவற்றையும் மூக்கால்தான் பேசுவாள்.

“நீ வாயே திறக்காத தம்பி. தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிடலாம். நான் பேசிச் சமாளிக்கறேன்.”

“ரொம்ப நன்றிக்கா” என்று அவனும் மூக்கால் சொன்னான். அக்காவுக்குப் பழகிவிட்டது. தன் மப்ளரைக் கழற்றி அவன் கழுத்தில் நாலு சுற்றுச் சுற்றி விட்டாள்.

பதினோரு மணிக்கு அந்த மனிதர் வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, பில்லும் பையுமாக. அந்த அம்மாள் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, இதெல்லாம் பார்த்துச் சலித்தவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

“சார், தம்பிக்குத் தொண்டை சரியில்ல. எதுவானாலும் என்கிட்ட சொல்லுங்க” என்றாள் அக்கா மூக்கால்.

“என் பேச்சைக் கேலி பண்ணினாம்மா! வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?” என்றார் அவர்.

அவரும் மூக்கால்!

அக்காவின் முகம் சுண்டிப்போனது. “சார், அவன் பண்ணினதுக்கு என்னை எதுக்குப் பழிக்கறீங்க?”

“நான் யாரைப் பழிச்சேன்?” அதுவும் மூக்கால்தான்.

“பாருங்க, பாருங்க! மறுபடியும்!” அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பழிக்குப் பழி வாங்கத்தான் இந்த மனிதர் வந்திருக்கிறார் என்று ஒட்டுப்புல் முடிவு கட்டினான். தன்னால் அக்கா அழுவதா? மப்ளரை உருவி எறிந்தான்.

“சார், அக்காவை விட்டுடுங்ங்க சாஆஆர்! தப்பு என்னோடதுஉஉ!” நேற்றைய இழுவை, ஆளைக் கண்டதும் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

“திரும்பவுமாஆஆஆ?”

“வேணும்னு பண்ணலை சாஆஆஆஆர்!”

“யாரை ஏமாத்தறேஏஏஏஏஏ?”

“சத்தியமாஆஆஆஆஆஆ!”

இவன் ஒரு முழம் இழுத்தால் அவர் இரண்டு முழம் இழுத்தார். கடைசியில் இரண்டு பேருக்கும் மூச்சு முட்டி, மேஜையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரிப்பேர் அறையிலிருந்து மெக்கானிக்குகள் எல்லாம் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்பானரைக் காலில் போட்டுக்கொண்டான்.

மேனேஜர் புயலாய் வந்தார். “என்னய்யாநடக்குதுஇங்க?”

“இவனைவேலையவிட்டுத்தூக்குங்கசார்இப்பவேதூக்குங்க!” என்று பொரிந்தார் வந்தவர்.

“நான்எவ்வளவோசொல்லிப்பாத்துட்டேன்சார்!” என்று ஒட்டுப்புல்லும் பொரிந்தான்.

“ரெண்டுபேரும்சேந்துஎன்னையாகிண்டல்பண்றீங்க?” மேனேஜர் உத்தரவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். காகிதத்தின் ஓரம் ‘சர்ர்’ என்று ஒரு விரற்கடை கிழிந்தது. ஒட்டுப்புல்லுக்கு அழுகையே வந்துவிட்டது. அடுக்கிய பாத்திரங்களை மனைவி திரும்ப எடுத்து வைக்கிற சத்தம் அவன் காதிலேயே கேட்டது.

அப்போதுதான் பெஞ்சிலிருந்த அம்மாள் கண்ணைத் திறந்தாள்.

“கிழிக்காதீங்க சார், எதிர்ல யாரு பேசினாலும் அந்தப் பேச்சு அப்படியே இவருக்கு ஒட்டிக்கும்; நேத்து இந்தத் தம்பிகிட்ட போன் பேசற வரைக்கும் எங்க வீட்டுக்காரர் ஜென்மத்துல ஒரு வார்த்தைகூட இழுத்துப் பேசினதில்லை!”