தையலுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த குயில்

ஒரு காட்டில், கவனியுங்கள், காட்டில்தான், நம்ம ஊரில் இப்படியெல்லாம் நடக்குமா, மருதாயி என்றொரு தையல்சிட்டு இருந்தாள். கட்டைவிரல் உயரம், செம்பட்டைத் தலை, அலகுதான் ஊசி. தேக்கங்கன்றில் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு இலையைப் பார்த்து வைப்பாள். ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் முறுக்கி உள்ளே விட்டு, மறுபக்கம் இழுத்துப் பிசிராக்கி விடுவாள். நூல் உருவிக்கொள்ளாது. பேய்க்காற்று அடித்தாலும் இலை கிழியுமே தவிர தையல் பிரியாது.

அந்தப் பருவத்துக்கும் கூடு தைத்து முடித்துவிட்டாள். உள்ளே இலவம்பஞ்சு மெத்தை போடுவது மட்டும் பாக்கி. முட்டைக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

அப்போதுதான் காக்காயி அம்மாள் வந்தாள். காகம்தான், ஆனால் சாதாரணக் காகம் இல்லை, 'பேடைகள் கைத்தொழில் மற்றும் சுயதொழில் மேம்பாட்டுத் திட்ட' அலுவலர். காட்டிலிருக்கிற பெண் பறவைகளையெல்லாம் முன்னேற்றியே தீருவது என்று கிளம்பியிருந்தாள். முன்னேற மாட்டேன் என்றால் விடுவாளா?

"பதினைஞ்சு நாள் பயிற்சி. முடிச்சா சான்றிதழ், ஒரு உபகரணப் பெட்டி, சந்தையில ஒரு கடை. சான்றிதழ் இல்லாத கூடெல்லாம் இந்தப் பருவத்துல இருந்து அங்கீகாரம் இல்லாத கூடு. பிரிச்சுப் போட்டுடுவோம்."

"அம்மா, நான்தான் ஏற்கெனவே தைக்கிறேனே!"

"அதை விண்ணப்பத்துல எழுதிக் குடு."

மருதாயி அலறியடித்துக்கொண்டு ஆலமரத்து அலுவலகத்துக்குப் பறந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் நாற்பது பேடைகள். தூக்கணாங்குருவிச்சி ஒருத்தி, "எங்க வீட்ல கூடு கட்டுறதே அவருதான். அவரு வந்தா ஆம்பளைக்கு இடமில்லைங்கிறாங்க, நான் வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். ஒருவழியாக மருதாயியின் முறை வந்தது.

எழுத்தர் ஒரு கிளி. தமிழ் படித்த கிளி, அதுதான் வினை.

"தொழில்?"

"தையல்."

கிளி பேனாவை வைத்துவிட்டது. "தையல் என்றால் என்ன பொருள் தெரியுமா?"

"தைக்கிறதுதானுங்க."

"இலக்கியத்தில் தையல் என்றால் பெண். நீ பெண்ணா?"

"ஆமாங்க."

"அது பாலினக் கட்டத்தில் வர வேண்டியது. தொழில் கட்டத்தில் கொண்டுவந்து 'பெண்' என்று எழுதினால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? பெண்ணாக இருப்பது ஒரு தொழிலா?"

"இருந்து பாருங்க சாமி, தெரியும்" என்றாள் மருதாயி.

கிளிக்குக் கோபம் வந்துவிட்டது. பாலினத்தில் 'தையல்' என்றும், தொழிலில் 'ஏதுமில்லை' என்றும் எழுதி முத்திரை குத்தியது. ஆக, காட்டிலேயே நன்றாகத் தைக்கிறவள் தொழில் தெரியாதோர் பிரிவில் முதல் பெயராக ஏறினாள். சரி, பதினைந்து நாள்தானே, பயிற்சியும் முடியும், முட்டைக்கும் நாள் வரும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பயிற்றுநர் யார் தெரியுமா? கோகிலவாணி மேடம். குயில்! தலைமுறை தலைமுறையாக ஒரு குச்சியைக்கூட இன்னொரு குச்சியோடு சேர்த்து வைக்காத வம்சம்.

முதல் நாள், 'கூடு என்றால் என்ன?' இரண்டாம் நாள், 'கூட்டின் அவசியம்.' மூன்றாம் நாள் எல்லோரும் இறக்கையைத் தூக்கி, "நான் ஒரு பேடை, என்னால் முடியும்" என்று பத்துத் தடவை சொல்ல வேண்டும். நான்காம் நாளும் அதேதான், முந்தின நாள் சத்தம் போதவில்லையாம். ஊசி எட்டாம் நாள் வரும் என்றார்கள், பத்தாம் நாளும் வரவில்லை.

மருதாயி எழுந்து கேட்டாள். "மேடம், ஈர இலையில ஓட்டை போட்டா கிழிஞ்சுபோகுது. காயிற வரைக்கும் காத்திருக்கணுமா, சின்ன ஓட்டையா போட்டுக்கலாமா?"

"அருமையான கேள்வி! எல்லாரும் கை தட்டுங்க. அது மூன்றாவது தொகுதியில் வரும்."

"மூணாவது தொகுதி எப்ப மேடம்?"

"இந்தப் பயிற்சியில் இரண்டு தொகுதிதான்."

"உங்க கூடு எங்க மேடம் இருக்கு? ஒரு தடவை பாத்துக்கிறோம்."

மேடம் முகம் கொஞ்சம் மாறிப்போனது. "நான் அதை அவுட்சோர்ஸ் பண்ணிட்டேன்" என்றாள். பேடைகளுக்குப் புரியவில்லை. பெரிய படிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். பத்தரை மணி ஆனதும் மேடம் "களப்பணி" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்துப் பக்கம் போய்விடுவாள். தினமும் போனாள்.

பதிமூன்றாம் நாள் இடி விழுந்தது. நிறைவு விழாவுக்கு மந்திரி யானை வருகிறாராம், பயிற்சியில் செய்த கூடுகளைப் பார்க்க வேண்டுமாம். பயிற்சியில் ஒரு இலைகூட மடித்திருக்கவில்லை. காக்காயி அம்மாள் பரபரவென்று மருதாயியிடம் வந்தாள்.

"உன் கூட்டைக் குடும்மா. விழா முடிஞ்சதும் திருப்பித் தந்துடறோம்."

"அம்மா, அது கன்னுல இருக்கிற பச்சை இலை. அறுத்தா சருகாயிடும். நாளைக்கழிச்சு முட்டை வெக்கணும்!"

"சருகானா என்ன, படத்துல பச்சையாத்தான் விழும். காட்டோட கௌரவம்மா இது!"

மருதாயி இறக்கையை விரித்துக்கொண்டு கூட்டுக்கு முன்னால் நின்றாள். கட்டைவிரல் உயர இறக்கை எதை மறைக்கும்? காம்போடு அறுத்து எடுத்தார்கள். அவள் வாய்விட்டு அழுதாள். செல்போனோடு வந்திருந்த குரங்கு, "அப்படியே நில்லுங்க, அப்படியே! காலையில இருந்து இந்த முகம்தான் கேட்டேன்" என்று படபடவென்று படம் எடுத்துக்கொண்டது.

பதினைந்தாம் நாள் விழா. மேடையில் பெரிய பதாகை. இடப்பக்கம் அழுகிற மருதாயி, கீழே 'பயிற்சிக்கு முன்'. வலப்பக்கம் அவள் கூடு, கீழே 'பயிற்சிக்குப் பின்'. மருதாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். முட்டை கனத்தது. விழா முடிந்ததும் கூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, எங்காவது ஒரு கிளையில் கட்டி, இன்று ஒரு நாளாவது தாங்குமா என்று பார்ப்போம் என்பதுதான் அவள் நினைப்பெல்லாம்.

மந்திரி யானை கூட்டைத் துதிக்கையில் வாங்கி, "ஆகா, என்ன நேர்த்தி!" என்று பெருமூச்சு விட்டார். சருகுதானே, பொடிப்பொடியாக உதிர்ந்தது. தையல் மட்டும் பிரியாமல் துதிக்கையில் தொங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

சான்றிதழை எழுதியது கிளி. 'இந்தத் தையல் இன்று முதல் தையல் எனச் சான்றளிக்கப்படுகிறாள்.' அதாவது மருதாயி பெண் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. பெட்டியைத் திறந்தால் கோணி ஊசி ஒன்று, அவளைவிட நீளம்.

முட்டைக்கு இடமில்லை. நான்கு பக்கமும் பார்த்தாள். மணி பத்தரை. மேடையிலிருந்து கோகிலவாணி மேடம் நைசாக நழுவிக்கொண்டிருந்தாள். மருதாயி பின்னாலேயே பறந்தாள். வேப்பமர உச்சியில் காக்காயி அம்மாளின் கூடு. அம்மாள்தான் மேடையில் நன்றியுரை வாசித்துக்கொண்டிருக்கிறாளே! மேடம் உட்கார்ந்தாள், எழுந்தாள், போயே போய்விட்டாள்.

"அடிப்பாவி! செய்முறை வகுப்பு இங்கதான் நடக்குதா?" என்றாள் மருதாயி. அடுத்த நிமிஷம் அவளும் உட்கார்ந்தாள். மறுநாள் ஒன்று, அதற்கு மறுநாள் ஒன்று என்று பத்தரை மணிக்கு இரண்டு நாள் களப்பணி போய் மூன்று முட்டையையும் இட்டு முடித்தாள்.

மூன்றாம் நாள் காக்காயி அம்மாள் கூட்டைக் கிளறிப் பார்த்தாள். மேடத்தின் முட்டையை அவள் எப்போதும்போலத் தன்னுடையது என்றே நினைத்தாள். ஆனால் சுண்டைக்காய் அளவில் மூன்று? புரிந்துபோயிற்று. "யாருகிட்ட?" என்று கொத்தித் தின்ன அலகைத் திறந்தாள். முட்டைக்கு மெத்தை போட வாயில் பஞ்சோடு வந்த மருதாயி பக்கத்துக் கொப்பில் அப்படியே நின்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கிளி அறிக்கையோடு வந்தது. "அம்மா, கையெழுத்து. 'பயிற்சி பெற்ற பேடைகள் நூறு விழுக்காடு முட்டையிட்டுள்ளனர்' என்று மந்திரிக்குப் போகிறது. குஞ்சு பொரித்ததும் நேரில் பார்க்க வருகிறாராம்."

"மத்த பேடைங்க எத்தனை முட்டை வெச்சிருக்காங்க?"

"ஒன்றுமில்லை. கூடு கட்டத்தான் யாருக்கும் நேரமில்லையே, எல்லாரும் பயிற்சியில் இருந்தார்கள்."

காக்காயி அம்மாள் திறந்த அலகை மெல்ல மூடினாள். இந்த மூன்றையும் தின்றால் திட்டத்தையே தின்ற மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது காகத்துக்குப் பல் இருந்திருந்தால் கடித்துக்கொண்டு, முட்டைகளின்மேல் அடக்கமாக உட்கார்ந்தாள். மருதாயிக்கு உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அழுதாள். அதைப் படம் எடுக்கத்தான் யாரும் இல்லை.

குஞ்சுகள் பொரிந்தன. மந்திரி வந்தார், பாராட்டினார். அடுத்த பருவத்துக்கு மருதாயியையே பயிற்றுநராகப் போட்டார்கள்.

"நடுநடுவுல கூடு தைச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"நிபுணர் ஆனப்புறம் நீங்க ஏன் மேடம் தைக்கணும்?" என்றது கிளி.

முதல் நாள் வகுப்பு. எதிரே தேக்கங்கன்றில் இரண்டு இலை, அடுத்தடுத்து, பச்சைப்பசேலென்று. மருதாயிக்கு அலகு அரித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கூடு என்றால் என்ன?" என்று ஆரம்பித்தாள். கடைசி வரிசையில் ஒரு இளஞ்சிட்டு எழுந்தாள்.

"அக்கா, உங்க கூடு எங்கக்கா இருக்கு?"

மருதாயி அந்த இரண்டு இலையையும் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் மணியைப் பார்த்தாள். பத்தரை ஆகியிருந்தது.

நீதி: பயிற்சிக்குக் கூப்பிட்டால் தவறாமல் போங்கள். பயிற்றுநர் சொல்வதைக் காதில் வாங்காமல், பத்தரை மணிக்கு அவர் எங்கே போகிறார் என்று மட்டும் பாருங்கள்.