மச்சானின் சோபாவும் மாற்று மின்சாரமும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும் குஷன் கடைக்காரனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. எனக்கு ரத்த அழுத்தம்தான் பரவாயில்லை என்று சொல்லும்படி இல்லை. அங்கே அக்காவும் பிள்ளைகளும் எங்களைவிட நிம்மதியாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு கேள்வி கேட்டிருந்தீர்கள். "உங்கள் ஊரில் 'காணாத சக்தி'யிலிருந்து மின்சாரம் எடுக்கும் கம்பெனியின் படத்தைப் பேப்பரில் பார்த்தேன், ஊதா வெல்வெட் போர்த்திய அந்த மெஷினைப் பார்த்தாலே நம்பிக்கை வருகிறது, ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை மொத்தமாக அதில் போடலாமா?" என்பது ஒன்று. "உறை மாற்றக் கொடுத்த என் சோபா இரண்டு வருடமாகியும் வரவில்லையே, எப்போது வரும்?" என்பது இன்னொன்று. மச்சான், இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

என் மகன், உங்கள் மருமகன், சேற்றிலிருந்து மின்சாரம் எடுக்கிற கூத்து உங்களுக்குத் தெரியும். சேற்றில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கிறதாம், அவை தின்னும்போது துளித்துளியாக மின்சாரம் விடுகிறதாம். குளியலறை முழுக்க வாளி. குளிக்க வேண்டுமென்றால் நான் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். நாற்றமோ நாற்றம், கடைக்கு வருகிற ஆட்கள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். ஆனால் போன மாதம் ஒரு நாள் "அப்பா, ஓடி வாங்க"ன்னு கத்தினான். யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி ஓடினால், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பல்பு மினுக்மினுக்கென்று எரிகிறது. பேட்டரி கிடையாது, பிளக் கிடையாது, வெறும் சேறு. உங்க தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா நாலு வருஷம்? இந்த வெளிச்சத்துல ஊசியில நூல் கோக்க முடியுமா?" என்றாள். நான் கோத்துக் காட்டினேன். விரலில் குத்திக்கொண்டேன், அது வேறு விஷயம். கண்ணுல தண்ணி வந்துடுச்சு மச்சான், குத்தினதால இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய நிறுவனம் போட்டி வைத்தது. மாற்று மின்சாரம் கண்டுபிடிப்பவர்களில் ஒரே ஒருவருக்கு நிதி. அது கிடைத்தால் தனியாக ஷெட் எடுப்பான், கிடைக்காவிட்டால் சேற்றையெல்லாம் கொட்டிவிட்டு ஏதாவது வேலைக்குப் போவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான்.

இதற்கு நடுவில் கோட்டுப் போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். "ஒரு மெஷினுக்கு உறை தைக்கணும். பார்க்கிறவங்க அசந்து போகணும்" என்றார். அளவெடுக்க வேண்டுமே, மெஷின் எங்கே என்றேன். "மெஷின் இன்னும் செய்யலைங்க. நீங்க தைங்க, நாங்க அந்த அளவுக்குச் செஞ்சுக்கறோம்." மச்சான், உடம்புக்குச் சட்டை தைப்பார்கள், சட்டைக்கு உடம்பு செய்து எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? நான் வாயைப் பிளந்தேன். அட்வான்ஸ் கொடுத்தார், மூடிக்கொண்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். "காத்துக்கு உறை போட முடியாது சார், உள்ளே ஏதாவது மரச்சட்டம் இருந்தாத்தான் நிக்கும்" என்று நானாகவே யோசனை சொன்னேன். என் வாய்தான் எனக்கு எமன். அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் துணி உரித்து, ஸ்பிரிங் தெரிய, ஒரு சோபா செங்குத்தாக நின்றிருந்தது. "இது போதும், வாடகைக்குக் கொடுங்க" என்றார். கொடுத்தேன். யாருடைய சோபா என்று இப்போதே கேட்காதீர்கள், வருகிறேன்.

போட்டியன்று வாளி தூக்க மகனோடு போனேன். ஏசி போட்ட பெரிய ஹால், மேஜைக்கு மேஜை ஒரு கண்டுபிடிப்பாளர். சத்தத்திலிருந்து மின்சாரம் எடுப்பவர் என் காதில் வந்து, "அந்தக் காத்தாடிக்காரன் ஷூவுக்குள்ள பேட்டரி வச்சிருக்கான், நம்பாதீங்க" என்றார். அவர் நகர்ந்ததும் காற்றாடிக்காரர் வந்தார். "இங்க இருக்கிறவங்க எல்லாம் பொய்யின்னு நிரூபணமானவங்க. நான் ஒருத்தன்தான் இன்னும் எதுவுமே நிரூபணமாகாதவன்." இதைப் பெருமையா வேற சொல்றார்! நான் திகைத்துப்போய்த் திரும்பினால், எதிர் மேஜையில் ஊதா வெல்வெட். தங்கக் குஞ்சம். என் கைத்தையல். பக்கத்தில் கோட்டுக்காரர். அடப்பாவி!

நடுவர்கள் முதலில் எங்களிடம் வந்தார்கள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த ஹாலிலேயே உண்மையாக எரிந்தது அது ஒன்றுதான் மச்சான். "எத்தனை பல்பு எரியும்?" என்று ஒரு அம்மா மூக்கில் கைக்குட்டையோடு கேட்டார். "ஒண்ணு மேடம்." "ஆயிரம் பல்புக்கு?" "ஆயிரம் வாளி மேடம்." அரிச்சந்திரன் வயிற்றுப் பேரன்! நான் இடுப்பில் கிள்ளினேன், அவன் நெளிந்தானே ஒழியப் பொய் சொல்லவில்லை. "ஒரு பல்பு எரிஞ்சிட்டதால இதோட எல்லை தெரிஞ்சு போச்சே" என்று வருத்தப்பட்டுவிட்டு நகர்ந்தார்கள். கோட்டுக்காரரிடம் அதே கேள்வி. "கணக்கே கிடையாது மேடம்" என்றார். உண்மைதானே! திறந்து காட்டுங்கள் என்றதற்கு, "திறந்தா காப்பியடிச்சிருவாங்க" என்று எங்கள் வாளியைக் கண்ணால் காட்டினார். அந்த அம்மா வெல்வெட்டைத் தடவினார். "உறையிலேயே இவ்வளவு நேர்த்தின்னா, உள்ளே எப்படி இருக்கும்!" என்று லேசாக அமுக்கினார். உள்ளேயிருந்து 'ங்கொய்ய்ங்' என்று ஒரு சத்தம். "அடடே, இப்பவே ஓடிக்கிட்டு இருக்கு!" என்று கைதட்டினார்கள்.

மச்சான், அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். இடது ஓரத்தில் நீங்கள் உட்காரும்போதெல்லாம் வருமே, உறையோடு அதையும் சரிசெய்யத்தானே கொடுத்தீர்கள். அதேதான். நிதி உங்கள் சோபாவுக்குக் கிடைத்துவிட்டது.

உறையின் அடியில் நம் கடை லேபிள் தொங்கியதை மகன் பார்த்துவிட்டான். வீட்டு வாசலில் வாளியை இறக்கி வைத்து, "தையல் நல்லா இருந்துச்சுப்பா" என்றான். அதோடு ஒரு வாரமாக என்னோடு பேச்சே இல்லை. அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகவே, உங்கள் காலில் விழாத குறையாகச் சொல்கிறேன், ஒரு காசு போடாதீர்கள். துணி போர்த்திய எதையும் நம்பாதீர்கள். நாளைக்கே அந்த நடுவரம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லி, சோபாவை மீட்டு, ஸ்பிரிங் மாற்றி அனுப்பி வைக்கிறேன். இது சத்தியம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, நாற்காலியில் உட்கார்ந்து நோகும் உங்கள் இடுப்புக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்

பி.கு.: கடித உறையை ஒட்டுமுன் மகன் கடைக்கு வந்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு "அப்பா" என்றான். எனக்குக் கத்தரிக்கோல் கை நழுவிவிட்டது. அடுத்த மாதம் வேறொரு நிறுவனம் போட்டி வைக்கிறதாம், அதுவரை அம்மாவிடம் தவணை வாங்கிவிட்டானாம். "ஒரு உறை தைக்கணும்ப்பா. அவங்களோடதைவிட ரெண்டடி உயரமா." ஆகையால் நாளைக்கு நான் யாரிடமும் எதுவும் சொல்லப் போவதில்லை. உங்கள் பணத்தை எங்கேயும் கொடுத்துவிடாமல் மருமகனுக்காகப் பத்திரமாக வைத்திருக்கவும். மேலும், உங்கள் வீட்டு மாடியில் பழைய பீரோ ஒன்று கிடக்கிறதல்லவா, அதை உடனே லாரியில் ஏற்றி விடவும், சோபாவைப் போலவே பார்த்துக்கொள்கிறேன். வாளியும் உள்ளேதான் இருக்குமாம். "துணி மட்டும் கெட்டியா இருக்கட்டும்ப்பா. உள்ள பல்பு எரியறது வெளிய தெரிஞ்சா நம்ம மேல இருக்கிற நம்பிக்கை போயிடும்" என்றான். இரண்டு மடிப்பு லைனிங் வைத்து வெட்டிவிட்டேன்.