நாலு சக்கர வீட்டுக்கு வெள்ளையடித்த கதை

வாடகை வீட்டில் இருப்பவனுக்கு ஒன்றாம் தேதி நெருங்க நெருங்க மூளை அபாரமாக வேலை செய்யும். உலகத்தின் மடத்தனமான திட்டங்களில் பாதி மாதக் கடைசியில் பிறந்தவைதான் என்பது என் அபிப்பிராயம். என்னுடையதும் அப்படிப் பிறந்ததே.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குத் தாம்பரத்தில் ஒற்றை அறை, கடற்கரை ஸ்டேஷன் பக்கம் குமாஸ்தா வேலை, ஒரு பி.ஏ. பட்டம், அதைவிடப் பெரிதாகத் தன்னம்பிக்கை. தினமும் போகும் மின்சார ரயிலில் பல்லாவரத்தில் பிலோமினா ஏறுவாள். எழும்பூரில் டைப்பிஸ்ட். ஒரு வருஷம் ரயிலிலேயே பேசி முடித்து, இருவரும் கல்யாணம் செய்துகொள்வதென்று தீர்மானித்துவிட்டோம். அவள் அப்பாவுக்குச் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

அவள் அப்பா மரியதாஸ் சார். பல்லாவரத்தில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், மீதிப் பாதியைப் பிரம்பால் அடித்தவர். பங்குக் கோயில் சபைக்குத் தலைவர். ஒன்பது பிள்ளைகளுக்குத் தகப்பன், பிலோமினா நாலாவது. நானும் வேதக்காரன்தான் என்பதாலோ என்னவோ, விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. ஒரே வாக்கியம் சொன்னாராம்: "சொந்த வீடு இருக்கிறவனுக்குத்தான் பொண்ணு."

ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்போது மனை மலிவு. ஆனால் வாடகை கொடுத்துக்கொண்டே மனைக்குச் சேர்ப்பது நடக்கிற காரியமில்லை. அந்தச் சமயத்தில்தான் பழைய பேப்பர் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை என் கையில் சிக்கியது. அதில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வேனுக்குள் கட்டில், அடுப்பு, ஜன்னல் திரையெல்லாம் போட்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். நாய்கூட இருந்தது. நாய் சந்தோஷமாகத் தெரிந்தது. (இந்த நாயைத்தான் நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.)

வேனில் குடியிருந்து, மிச்சமாகும் வாடகையில் மனை வாங்குவதென்று அடுத்த மாதமே ஓர் ஏலத்தில் கழித்துக் கட்டிய சர்க்கார் வேன் ஒன்றை எடுத்தேன். அதை யாருமே கேட்காததை என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். காரணம் வண்டியின் இரண்டு பக்கமும் வரைந்திருந்தது. சிவப்பில் தலைகீழ் முக்கோணம். அதன் கீழே ஆளுயரத்துக்குச் சிரிக்கும் அப்பா, சிரிக்கும் அம்மா, ஒரு பையன், ஒரு பெண். 'இரண்டே போதும்' என்று கொட்டை எழுத்து. ஊர் ஊராகப் போய்க் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் செய்து, சம்மதித்தவர்களை ஆபரேஷனுக்கு ஏற்றிக்கொண்டு வரும் வண்டி அது.

அஸ்தினாபுரத்தில் ஒரு காலி மனையில் நிறுத்தினேன். முதல் வாரம் பரிபூரண அமைதி. அந்தத் தெரு ஆண்கள் எல்லாரும் அடுத்த தெரு வழியாகப் போக ஆரம்பித்தார்கள். பால்காரர் முனையிலேயே நின்று, "சார், சொம்ப எடுத்துகினு நீயே வா, நான் அங்க வர மாட்டேன்" என்று கத்துவார்.

மற்றபடி வசதிக்குக் குறைவில்லை. கூரை மேலிருந்த ஒலிபெருக்கியின் கழுத்தில் கொடி கட்டித் துணி உலர்த்தினேன். டிரைவருக்குப் பக்கத்து சீட் காணாமல் போயிருந்ததால் அந்த இடம் சமையலறை. பின்பக்கம் கட்டில். தரை சாய்வாக இருந்ததால் சோறு ஒரு பக்கம் குழைந்து ஒரு பக்கம் வேகாமல் இருக்கும். இரண்டையும் கலந்து சாப்பிட்டால் சரியாக இருக்கும். குளியல் முதலான காரியங்களுக்கு ரயில்வே ஸ்டேஷன். அதற்குத்தானே சீசன் டிக்கெட்?

பிலோமினா ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தாள். சுற்றி வந்தாள். வண்டியில் வரைந்திருந்த அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இவங்களும் கூட இருப்பாங்களா?" என்றாள்.

"மறைச்சிடலாம்."

"சீக்கிரம் மறைங்க. வெள்ளிக்கிழமை அப்பா வர்றார். உங்களுக்கு அடக்கமா ஒரு சொந்த வீடு இருக்குன்னு சொல்லிட்டேன்."

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி பெயிண்ட் வாங்கியிருப்பான். ஆனால் என் மனத்தில் அது வண்டி இல்லை, வீடு. பெரிய மனுஷர் வரும்போது வீட்டுக்கு என்ன செய்வோம்? வெள்ளையடிப்போம். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊற வைத்து, நீலம் கலந்து, மூன்று பூச்சு பூசினேன். காய்ந்ததும் பளிச்சென்று இருந்தது. நானே கொஞ்சம் தள்ளிப் போய் நின்று ரசித்தேன்.

மரியதாஸ் சார் பள்ளிக்கூடம் விட்டு, குடையும் சந்தைப் பையுமாக வந்தார். மனைக்கு நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார்.

"வீடு எங்க தம்பி?"

"இதுதான் சார்."

அவர் கிட்டே வந்து சுவரைத் தட்டினார். தகரம் 'டங்' என்றது. வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு, "வாசல் எந்தப் பக்கம் பார்த்தது?" என்றார்.

"எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பிக்கலாம் சார்."

முகம் இறுகியது. குடையை இடம் மாற்றிக்கொண்டார், கிளம்புகிற மாதிரி. நான் அவசரமாக ராஜகீழ்ப்பாக்கம் திட்டத்தை ஒப்பித்தேன். கணக்கு வாத்தியார் அல்லவா, மனசுக்குள்ளேயே பெருக்கிப் பார்த்தார். நான் போட்டுக் கொடுத்த டீயில் ஒரு வாய் குடித்தார். "பொய் சொல்ற பையன் மாதிரி தெரியல. யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அங்கே நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கதை இல்லை.

"சந்தைக்குத்தானே சார் போறீங்க? இந்த வீட்டிலேயே கொண்டு விட்டுடறேன்!"

முன்னால் சமையலறை இருந்ததால் அவரைப் பின்னால் கட்டிலில் உட்கார வைத்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கருவாட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவே, ஜனங்களை விலக்கிக்கொண்டு மெதுவாகப் போனேன். திடீரென்று ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் கட்டில் நகர்ந்து எதன் மீதோ மோதும் சத்தமும், "மாதாவே!" என்ற குரலும் ஒன்றாகக் கேட்டன. எஞ்சின் நின்றுபோனது. மழை கொட்ட ஆரம்பித்தது.

"மழை விடட்டும் சார், உள்ளேயே இருங்க!" என்று கத்தினேன்.

முதலில் பத்துப் பதினைந்து பேர் வண்டியோரமாக ஒதுங்கினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக மழைக்குள்ளேயே இறங்கிப் போனார்கள். எதிர்ச் சாரியில் சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் என் வண்டியையே பார்த்தது. நான் இறங்கிச் சுற்றி வந்தேன்.

சக்கரத்தடியில் சுண்ணாம்பு பால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. முக்கோணத்தின் ஒரு மூலை வெளியே வந்திருந்தது. பிறகு அம்மாவின் சிரிப்பு. பிறகு பையன். குடும்பம் முழுவதும் குளித்துவிட்டு வந்ததுபோல், நான் ஏலத்தில் எடுத்தபோது இருந்ததைவிடப் பிரகாசமாக நின்றது.

மழை விட்டது. யாரும் கலையவில்லை. உள்ளே இருப்பது யார் என்று பார்க்காமல் எப்படிப் போவார்கள்?

பின்கதவு திறந்தது. மரியதாஸ் சார் இறங்கினார். கட்டில் தொடையில் இடித்திருந்ததால் ஒரு கையை இடுப்புக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. காலை அகட்டி, மிக மெதுவாக, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார்.

ஒரு காய்கறிக்காரம்மா கையில் இருந்த தராசைக் கீழே வைத்தார்.

"அடி ஆத்தே, நம்ம வாத்தியாரு! பாத்து, பாத்து எறங்கு சார். அவசரமே படாத."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. லேசான அடிதான்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க. ரெண்டு நாளு வெயிட்டு தூக்காத, இன்னா?" பிறகு பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பி, "ஒம்போது பெத்தப்புறமாவது தோணிச்சே, அத்தச் சொல்லு" என்றார்.

பழைய மாணவன் ஒருவன் ஓடி வந்து பையைப் பிடுங்கினான். "குடுங்க சார். நீங்க தூக்கக் கூடாது."

"எதுக்குடா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "சத்தியமா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் சார்." (கேட்டுக்கொண்டிருந்தவர்கள் குறைந்தது நூறு பேர்.)

அப்போதுதான் அவர் திரும்பி வண்டியைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை நிதானமாக, ஒரு கணக்கை எங்கே தப்பு என்று தேடுகிற மாதிரி பார்த்தார்.

"தம்பி," என்றார், "உன் வீட்டுச் சுவத்துல யாரு இவங்கல்லாம்?"

"பழைய குடித்தனக்காரங்க சார்" என்றேன்.

குடையை ஊன்றிக்கொண்டு நடந்தார். அந்த நடையைச் சந்தை முழுவதும் மரியாதையோடு விலகி நின்று பார்த்தது. என் கல்யாணம் அந்த நடையோடு போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு பூசை முடிவதற்குள் செய்தி கோயிலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதில் ஒரு சிக்கல்: போன மாதம்தான் இதே சமாசாரத்தைக் கண்டித்து, பிள்ளைகள் கடவுள் கொடுக்கிற வரம் என்று சபையில் ஒரு மணி நேரம் பேசியவர் மரியதாஸ் சார். பங்குச் சாமியார் அவரை அறைக்குக் கூப்பிட்டார். "நீயும் வா" என்று, பூசைக்கு வந்திருந்த என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார் சார். பிலோமினா கதவோரம் நின்றாள்.

"மரியதாஸ், நீங்களா இப்படி?" என்றார் சாமியார் வருத்தத்தோடு.

"சாமி, அது அந்த வண்டி இல்ல. அது ஒரு வீடு."

"வீடா? சந்தையிலயா?"

"அப்பப்ப வரும் சாமி."

சாமியார் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசிப்பது போலிருந்தது. "யார் வீடு?"

சார் என்னைப் பார்த்தார். அன்று வரை எந்த மாணவனையும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். யாரோ ஒருவன் வீடு என்றால், யாரோ ஒருவன் வீட்டுக் கட்டிலில் அவருக்கு என்ன வேலை? அவர் மானத்தைக் காப்பாற்ற ஒரே ஒரு விடைதான் இருந்தது.

"எங்க மாப்பிள்ளை வீடு, சாமி."

"அட, சொல்லவே இல்லையே! அப்ப வர்ற ஞாயித்துக்கிழமையே முதல் ஓலை வாசிச்சிடலாமா?"

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் மணமக்கள் பெயரை வாசிப்பார்கள். எங்கள் பெயரை வாசித்தபோது மூன்று முறையும் பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புக் கேட்டது. சந்தைச் செய்தி பொய் என்று தெரிந்து உண்மையாகவே வருத்தப்பட்டவர் என் மாமியார் ஒருவர்தான்.

வேனை விற்றுவிட்டு, குரோம்பேட்டையில் ஒரு வாடகைப் போர்ஷனில் குடித்தனம் தொடங்கினோம். ராஜகீழ்ப்பாக்கம் மனை வாங்க இன்னும் பல வருஷம் ஆனது. மாமனார் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் மீதிப் பெண்களுக்கு வரன் வந்தபோதெல்லாம், "மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கு" என்று தரகர் ஆரம்பித்தவுடன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்பார்: "ஓடுமா?"

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. என் பெண்ணைப் பார்க்க வேளச்சேரியிலிருந்து வந்தவர்கள், பையன் சொந்த வீடு கட்டியிருக்கிறான் என்று சொன்னதும் என் மைத்துனர்கள் நாலு பேரும் ஒரே குரலில் அதைக் கேட்டார்கள். வந்தவர்கள் விழித்தார்கள்.

"ஓடாதுங்க," என்றார் பையனின் அப்பா குழப்பத்தோடு. "மூணு அடி அஸ்திவாரம்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, பிலோமினா என்னைத் திரும்பிப் பார்த்தபடியே காபி கலக்க உள்ளே போனாள்.