சகாதேவன் வீட்டுப் பத்திரிகையும் நோ சிக்னலும்

திருவண்ணாமலை,
பௌர்ணமி, பிற்பகல்.

அன்புள்ள மைத்துனன் சுஹைலுக்கு, உன் மச்சான் நூருல்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அக்கா மெஹ்ருன்னிசாவும் பிள்ளைகளும் இறைவன் கருணையால் சுகம். பெங்களூரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக உன் கைகள் சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவற்றால் என் கம்ப்யூட்டருக்குச் செய்ததை நீயே வந்து சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன்னைத் திட்ட வாயெடுத்தால் உன் அக்கா பிடுங்கிக்கொண்டு, "சாப்டியாப்பா தம்பி" என்று ஆரம்பித்துவிடுகிறாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

போன வாரம் வந்தவன் வந்தோமா, பிரியாணி சாப்பிட்டோமா என்று போயிருக்கலாம். கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிற என் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று, நான் கேட்காமலே கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்றை வாங்கி வந்து உள்ளே சொருகி, "இனிமே படம் சும்மா பளபளன்னு வரும் மச்சான், ஆனா அந்தக் கார்டை மட்டும் தொட்டுடாதீங்க, வாரண்டி போயிடும்" என்றாய். பளபளவென்றுதான் வந்தது. இன்று காலை கடையைத் திறந்து சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்' என்று ஒரு கட்டம் மூலைக்கு மூலை உலாத்துகிறது.

இதை நான் ஒருவனாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. எதிரே கீழ்பென்னாத்தூர் சகாதேவன் உட்கார்ந்திருக்கிறார். அவர் மகள் தேவிப்ரியாவுக்குக் கல்யாணம். நாளை விடிந்ததும் வேன் வைத்துச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்புகிறார்கள். யார் பெயருக்குப் பின் யார் பெயர் என்று பங்காளிகள் சண்டை போட்டு, சாப்பிடாமல் எழுந்து போய், கடைசியில் ஒரு வரிசைக்கு ஒத்துக்கொண்டார்கள். அதை இவர் இங்கேயே உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தவிர வேறெங்கும் இல்லை. மறுபடி சொல்லுங்கள் அண்ணே என்றால், "எங்க பெரியப்பா பேரு ஒரு வரி கீழ போச்சுன்னா கல்யாணமே நின்னுடும் பாய். நான் சொல்லமாட்டேன், உள்ள இருக்கறத எடுத்துக் குடுங்க" என்கிறார்.

வேங்கிக்காலில் இருக்கும் மெக்கானிக் அருண்பிரசாத்துக்குப் போன் போட்டேன். "கிரிவலக் கூட்டம்ணே, வண்டிய உள்ள விடமாட்டாங்க, நாளன்னிக்கு வரேன்" என்றான். பக்கத்து ஜெராக்ஸ் கடை ராஜமாணிக்கம் வந்து, பின்னால் இருந்த ஒயரை உருவி, ஊதி, அதே இடத்தில் மாட்டினார். வரவில்லை. மானிட்டர்தான் போயிருக்கும் என்று தன் கடை மானிட்டரையே தூக்கி வந்து மாட்டினார். அதிலும் நோ சிக்னல். அதற்குள் அவர் கடையில் ஆதார் கார்டோடு நின்ற கூட்டம் சத்தம் போட, கோபமெல்லாம் என்மேல் திரும்பிவிட்டது. அடுத்து டிவி ரிப்பேர் முருகையன். "ரேமைக் கழட்டி ரப்பரால தேய்ச்சா செத்தது கூட எழுந்து உக்காரும்" என்று சீப்பு மாதிரி ஒரு பட்டையைப் பிடுங்கி, என் மகள் அதீபாவின் பள்ளிக்கூட ரப்பரால் தேய் தேயென்று தேய்த்து மாட்டினார். இப்போது பெட்டி பீப் பீப் என்று கூவ ஆரம்பித்தது. சரியாக உட்காரவில்லை என்று மறுபடி அழுத்தினார், கூவலும் நின்றது. கூவிய வரைக்கும் உயிர் இருக்கிறது என்றாவது தெரிந்தது. உனக்கு அனுப்பிய மெசேஜுக்கு 'ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்று பதில் போட்டாய். எத்தனை தடவை பண்ணினேன் என்று அந்த சுவிட்சைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியில் சகாதேவன் எழுந்து வாசலுக்குப் போய், மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்து, "இப்ப போடுங்க பாய்" என்றார். நானும் மனதுக்குள் துஆ செய்துகொண்டு போட்டேன். இரண்டு பக்க சிபாரிசும் எடுபடவில்லை. மனுஷன் அதன்பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதைத்தான் சுஹைல், என்னால் தாங்க முடியவில்லை.

ஆகையால் சனிக்கிழமைக்குள் நேரில் வந்து உன் கார்டைக் கழற்றிக்கொண்டு போய்விடு. இனி பெருநாளைக்கு வந்தாலும் என் கடைப் பக்கம் ஜாஸ்தி வராதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், பிறர் பொருளைத் தொடாத நற்குணமும் தருவானாக.

இப்படிக்கு,
மிகுந்த மனவருத்தத்துடன்,
உன் மச்சான் நூருல்லா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா டீ கொண்டுவந்தாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மானிட்டர் ஒயர் ஏன் மேல பழைய ஓட்டையில இருக்கு? தம்பி புது கார்டு ஓட்டையில, கீழதானே சொருகினான்" என்று மாற்றிச் சொருகினாள். படம் வந்துவிட்டது. இப்போது பத்திரிகை அச்சாகிக்கொண்டிருக்கிறது. சகாதேவன் ஒவ்வொன்றிலும் பெரியப்பா பெயரை விரலால் தொட்டுப் பார்க்கிறார். நேற்று மேசையை நகர்த்திக் கூட்டியபோது ஒயர்களைக் கழற்றி மாட்டியவர் யார் என்ற விசாரணை தேவையில்லை. நீ சனிக்கிழமை வர வேண்டாம், அல்லது சாப்பிட வா. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். மேலே உள்ளதை நீ படிக்காதே.