உப்புக் குழித் தண்ணீருக்கெல்லாம் மன்னிப்புக் கேட்க முடியாது

பசியாவரம்,
வெள்ளிக்கிழமை.

பெரிய மச்சான் சீனிவாசன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கஸ்தூரியைக் கட்டிய தேவேந்திரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். மூன்று வீடு தள்ளி இருப்பதால் அங்கும் நலம் என்பது உங்கள் இருமல் சத்தத்திலேயே தெரிகிறது. நமக்குள் பேச்சு நின்றுவிட்டதால்தான் இந்தக் கடிதம்.

ஏரியில் அன்று வலை போடும் முறை, அதாவது பாடு, உங்களுடையதுதான். மறுக்கவில்லை. என் மகள் மஞ்சு உங்கள் துறையோரம் வற்றி உப்புப் பூத்த குழியில் ஒரு பாட்டில் ரோஸ் நிறத் தண்ணீர் மொண்டாள். அதற்குப் போய் ஊரைக் கூட்டி, முறை மாறி ஏரியில் கை வைத்தாள், அப்பன் மன்னிப்புக் கேட்காவிட்டால் அடுத்த சுற்றில் அவன் வலைக்குப் பாடு இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். கேட்க மாட்டேன். அந்தக் குழியில் இறால் இருந்ததா, மடவை இருந்ததா? இருந்தது ஆர்க்கியா. கண்ணுக்கே தெரியாத உயிர். அதன் ஜீன் எப்போது விழிக்கிறது, எப்போது தூங்குகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மாதக் கடைசிக்குள் கல்லூரியில் முடிவைக் காட்டாவிட்டால் ஒரு வருட உழைப்பு வீண்.

"அதுல இன்னாம்மா இருக்குது?"னு நானும் கேட்டேன்.

"நம்ம பாடு மாதிரிதான் நைனா. ஜீனுக்கு முன்னாடி ஒரு எடம் இருக்கு. மொதல்ல ஒரு புரதம் வந்து அங்க குந்தும், அத்தப் புடிச்சிக்கினு இன்னொண்ணு, அப்பறம்தான் ஜீனைப் படிக்கிற மிஷினு வரும். வேற ஒண்ணு முன்னாடியே வந்து குந்திக்கிச்சுன்னா மிஷினுக்கு எடமே இல்ல, ஜீன் சும்மா கெடக்கும்"னா.

வழியை மறித்துக் குந்துகிற அந்தப் புரதத்தின் பெயரைக் கேட்டேன். சொன்னாள், என் வாயில் நுழையவில்லை. நானே அதற்குச் சீனிவாசன் என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று, சூழ்நிலை மாறினால் அதுகூட எழுந்து வழிவிடுமாம். உங்களுக்கு ஏன் மச்சான் அந்த மனசு வரவில்லை?

இதைச் சத்தமாகப் படித்தேன். "எங்கண்ணனை இன்னானு நெனச்ச?"ன்னு கத்திவிட்டு அடுப்படிக்குப் போன கஸ்தூரி, கோபத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் கழுவிக்கொண்டிருக்கிறாள். கழுவட்டும். வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பொன்னேரியில் மூட்டை தூக்கினாலும் தூக்குவேன், என் மகள் செய்தது தப்பு என்று என் வாயால் வராது.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கங்கையம்மன் எல்லாரையும் காக்கட்டும், உங்களைக் கொஞ்சம் தாமதமாக.

இப்படிக்கு,
தலை குனியாத
தேவேந்திரன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அடுப்படியில் மஞ்சு அலறினாள். கருவாட்டில் சிவப்புப் பூத்தால் அலசுகிற பழக்கத்தில், உங்கள் தங்கை அந்தப் பாட்டிலையும் நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவிட்டாள். உப்பு குறைந்தால் அந்த உயிர்கள் வெடித்துச் செத்துவிடுமாம். ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளை அழுகிறாள், என்னால் பார்க்க முடியவில்லை. வேறு எந்தக் குழியிலும் அந்த நிறம் இல்லை. நாளைக்கும் உங்கள் பாடுதான். விடிந்ததும் எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன். இன்னும் ஒரே ஒரு பாட்டில். கொஞ்சம் எழுந்து வழிவிடுங்கள், மச்சான்.