மஞ்சள் உறைக்கு உரியவர்

திருடப்பட்ட முகத்துக்காக நீதி கேட்பதெனத் தீர்மானித்தேன். முகம் என்றது எங்கள் மிளகாய்த்தூள் உறையை. மஞ்சள் தாள், நீல வலைநூற் கட்டு, நடுவே சிவப்புப் பொட்டு. போர்க்காலத் திருகோணமலையில், எழுத்தறியாதவரும் அந்தத் தோற்றத்தைக் கண்டே துறைமுகத்தருகிலுள்ள எங்கள் கடையில் தூள் வாங்கினர். தூளை இடித்து உறையிலிடுபவள் என் மனைவி தங்கேஸ்வரி. உறைதோறும் நல்லுரை எழுதிய கடதாசித் துண்டொன்றை நுழைப்பவன் நான். உலகம் திருந்த வேண்டாமா?

இப்போது லிங்கநகரில் பூரணி என்னும் பெண் அதே தோற்றத்தில் தூள் விற்கிறாள்! எங்கள் உறைகளோ தேங்கிக் கிடந்தன.

"இஞ்சாருங்கோ, அவளை விடுங்கோ," என்றாள் மனைவி.

"ஏலாது! ஒருத்தன் அயலவனின்ர முகமூடியைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குள்ள போனான். நாய் வாலாட்டினது. உண்மையான வீட்டுக்காரன் வர, நாய் கடிச்சுப்போட்டுது. விளங்குதோ?"

"நாய் மணத்திலதான் ஆளைப் பிடிக்கும். முகத்தைப் பாக்காது."

"நான் சட்டத்தரணியிட்டைப் போறன்."

"நில்லுங்கோ, நானும் வாறன்."

அன்பர்களே, நியாயத்துக்காகப் புறப்படுபவனுக்கு மனைவி துணைவருவதிலும் பெரும் பேறு உண்டோ!

சட்டத்தரணி வீரசிங்கம் இரண்டு உறைகளையும் மேசையில் வைத்து ஆராய்ந்தார். "தோற்றத்தைக் கண்டு, இது இன்னாரின்ர சாமான் எண்டு சனம் அறியுமெண்டால், சட்டம் அதைக் காக்கும். இந்தத் தோற்றத்தை உண்டாக்கினது ஆர்?"

"நான்தான் ஐயா," என்றாள் தங்கேஸ்வரி. "பூரணிக்குக் குடுத்து விக்கிறதும் நான்தான்."

கதிரையில் சாய்ந்தேன். "ஏனப்பா?" என்று அவளைக் கேட்டேன்.

"போன மாசம் துண்டில என்ன எழுதினனீங்கள்?"

"'விழித்தெழு! வேளை நெருங்கிவிட்டது!' சோம்பலை விடச் சொல்லி எழுதினது."

"சோதனைச்சாவடியில ஆமிக்காரன் உறையைப் பிரிச்சு, அந்தத் துண்டை ஆரையோ கொண்டு வாசிப்பிச்சவன். போராட்ட அழைப்பெண்டு நினைச்சு, தங்கரத்தினமக்காவைப் பின்னேரம் வரைக்கும் மறிச்சு வைச்சவங்கள். கறிக்குத் தூள் வாங்கின மனிசி! உயிரோட வீட்ட வந்ததே பெரிய காரியம். பிறகு ஆர் எங்கட கடைக்கு வருவினம்? அதுதான் துண்டில்லாமல் பூரணியிட்டைக் குடுத்தன்."

தலைகுனிந்தேன். பிறர் திருந்த எழுதியவன், அது எவர் கையில் பிரிபடும் என்று ஒருகணமும் எண்ணவில்லை. நல்ல சொல்லும் இடமறியாது சென்றால் பிறரை நெருப்பில் நிறுத்தும், நண்பர்களே!

"அப்ப வழக்கில்லை," என்று எழுந்தேன்.

"இருக்குது," என்றார் வீரசிங்கம். தங்கேஸ்வரி பத்து நாளுக்கு முன்னரே அவரிடம் வந்திருந்தாளாம். தன் உறைக்குள் தன் சம்மதமின்றிக் கடதாசி வைத்து விற்கும் நபர் அதனை உடனே நிறுத்த வேண்டும் என்ற அறிவித்தல், முத்திரை குத்தித் தயாராக இருந்தது.

தபாலுக்குக் காத்திருப்பானேன் என்று, அவளே அதை என் கையில் தந்தாள்.