பூனைக்கண்ணாரும் கடைசி வரியும்

பூனைக்கண்ணார் ஒருமுறை உற்றுப் பார்த்தால் போதும், மூக்குக் கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னால் அப்பீல் உண்டா? மண்டப வாசலில் நின்ற வரிசை தெருமுனையைத் தாண்டியது. அவருக்குப் பச்சைக் கண். பத்துப் பேருக்குக் கறுப்புக் கண் இருக்கிற இடத்தில் ஒருவருக்கு மட்டும் பச்சை என்றால், அவர் கடவுள்தானே!

வரிசையில் சும்மா நிற்கக் கூடாது. "ப, க, ட, ற, ய, ந" என்று அருள் எழுத்தை ஓதிக்கொண்டே நகர வேண்டும். உள்ளே அவர் உற்றுப் பார்ப்பார், காணிக்கை வாங்குவார், கண்ணாடியைக் கூடையில் போடச் சொல்வார். பிறகு சுவரில் தொங்கும் அட்டையின் கடைசி வரியைப் படிக்க வேண்டும். எறும்பு அளவு எழுத்து. எல்லாரும் கடகடவென்று படித்தார்கள். என்ன எழுத்து என்று சொல்லவும் வேண்டுமா?

பஸ் ஓட்டுநரும் படித்தார். கூட வந்த மகள் கூடையில் கிடந்த அவர் கண்ணாடியையே பார்த்தாள். விடிந்தால் அப்பா கண்ணாடி இல்லாமல் பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவார்.

கண் நிறத்துக்கும் பார்வைக்கும் சம்பந்தம் உண்டா என்று அவள் கல்லூரியில் சோதனை செய்துகொண்டிருந்தாள். சம்பந்தம் எதுவும் தென்படவில்லை. ஆனால் ஒரே அட்டையை இரண்டாம் முறை காட்டினால் தோழிகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடுகிறார்கள் என்று பட்டுத் தெரிந்துகொண்டாள். அதனால் பையில் வேறொரு அட்டை வைத்திருந்தாள்.

அப்பா குனிந்து கும்பிட்டு நிமிர்வதற்குள் அதைச் சுவரில் மாட்டினாள்.

"அப்பா, கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க."

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ப, க, ட, ற, ய, ந" என்றார்.

"அங்க எழுத்தே இல்லப்பா. எல்லாம் படம். சின்னப் பிள்ளைங்களுக்குக் காட்டுற பட அட்டை."

அவர் மூக்கு இடிக்கும் வரை கிட்டே போனார். முகம் சுண்டிப்போயிற்று. அவளுக்குப் பாவமாக இருந்தது.

நம்பிக்கை இல்லாதவர்களின் அட்டை கண்ணைக் கெடுக்கும் என்று பூனைக்கண்ணார் சீறினார். அடுத்து நின்ற தையல்காரம்மா அசரவில்லை.

"அப்ப நீங்களே உங்க எடத்துல இருந்து படிங்க சாமி."

பச்சைக் கண் இடுங்கியது. "வாத்து" என்றார். அந்த வரியில் இருந்தது குடை, மீன், பூட்டு; வாத்தே இல்லை.

அப்புறம் என்ன, கூட்டம் கூடையின் மேல் பாய்ந்தது. கண்ணாடி இல்லாமல் கண்ணாடி தேடுவது லேசா? ஒருவர் மூக்கில் இருந்ததை இன்னொருவர் பிடுங்கினார். ஒருவழியாகத் தன்னுடையதை மாட்டிக்கொண்ட ஓட்டுநர், மகளை நேராகப் பார்க்க முடியாமல், "வீட்டுக்குப் போகலாம்மா" என்றார்.

வாசலில் ஒருவர் அவளை நிறுத்தி, சாமி முழங்கால் வலிக்காவது பார்ப்பாரா என்று விசாரித்தார்.

பார்வை மங்கினால் கடையில் கண்ணாடி வாங்கலாம். புத்தி மங்கினால் அவரவர்தான் தேய்த்துத் துலக்க வேண்டும், ஐயா!